மூன்று முறை தட்டிய கதவு

ஓசூரிலிருந்து ராயக்கோட்டைக்குப் போகும் சாலையில் உள்ள ஊர் உத்தனப்பள்ளி. தக்காளியும் ரோஜாவும் விளையும் பூமி. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் ஒரே டீக்கடையில் காதில் விழும். கர்நாடக எல்லை அதிக தூரம் இல்லை. படிப்புக்காகவும் வேலைக்காகவும் பெங்களூர் போய் வருகிறவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம்.

அந்த ஊர் பஸ் நிறுத்தத்தில் ஒரு தாயாரைச் சந்தித்தேன். அவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. பைக்குள்ளே மகளின் சர்ட்டிபிகேட்டுகள். மகள் பெங்களூரில் நர்சுப் படிப்பு முடித்தவள். கர்நாடகத்தில் பெயரைப் பதிவு செய்து, நம்பரும் வாங்கிவிட்டாள். ஓசூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கேட்டுப் போனபோது, தமிழ்நாட்டிலும் பதிவு செய்துகொண்டு வா என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

அந்த அம்மாளுக்கு இது புரியவில்லை. அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் போடுகிற ஊசியைத்தானே தம்பி இந்தப் பக்கமும் போடுகிறார்கள், இதற்கு இரண்டு பதிவு எதற்கு என்று என்னிடம் கேட்டார்.

நியாயமான கேள்வி. அதற்குச் சட்டத்தைக் காட்டிப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒருவருடைய வாழ்க்கையைக் காட்டிச் சொன்னால் நன்றாக விளங்கும். அவர் வேலூரில் வாழ்ந்தவர். உத்தனப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரி போய், வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகப் பஸ்ஸில் போனால் வந்துவிடும் ஊர். பெரிய வியாதி என்றால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு நினைவு வரும் ஊர்களில் அதுவும் ஒன்று. அந்த ஊர் ஆஸ்பத்திரியை ஒரே ஒரு அறையில் தொடங்கியவர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

ராணிப்பேட்டைக் குழந்தை

ஐடா அமெரிக்கப் பெண்மணி. ஆனால் பிறந்தது நம் ராணிப்பேட்டையில். 1870-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி பிறந்தார்.

அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் ஒரு டாக்டர். 1819-ம் ஆண்டிலேயே கப்பலேறி இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் வைத்தியம் பார்த்தவர். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகளில் பலர் மிஷன் ஊழியர்களாக இங்கேயே தங்கினார்கள். ஐடாவின் தகப்பனாரும் டாக்டர்தான்.

ஐடாவுக்கு ஆறு, ஏழு வயது இருக்கும்போது தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய பஞ்சம் அது. எலும்பும் தோலுமாக வந்த குழந்தைகளுக்கு ரொட்டியைப் பிய்த்து வாயில் ஊட்டும் வேலையை அந்தச் சிறுமியும் செய்தாள். கையை நீட்டி வாங்கிக்கொள்ளக்கூடப் பலம் இல்லாத குழந்தைகள்!

அந்தக் காட்சி அவள் மனதை விட்டு அகலவில்லை. அதனால் இந்தியாவின் மீது அன்பு பிறந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. இந்த நாடே வேண்டாம் என்றுதான் ஐடா நினைத்தாள். அமெரிக்காவுக்குப் போய்ப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு வசதியாக வாழவேண்டும் என்பது அவள் ஆசை. குடும்பத்துத் தொழிலான மிஷன் வேலைக்கு வரமாட்டேன் என்று தோழிகளிடம் சொல்லியிருந்தாள்.

1890-ம் ஆண்டு தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. பெற்றோர் அப்போது திண்டிவனத்தில் இருந்தார்கள். தாயாரைக் கவனித்துக்கொள்ள ஐடா வந்தாள். கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவதாக ஏற்பாடு.

அந்த இரவு

ஓர் இரவு. திண்டிவனம் பங்களாவில் விளக்கு வெளிச்சத்தில் ஐடா தனியே உட்கார்ந்திருந்தாள். வெளியே காலடிச் சத்தம் கேட்டது. ஓர் இளம் பிராமணர் வந்து நின்றார். அவருடைய மனைவிக்குப் பிரசவ வேதனை. மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். வந்து காப்பாற்றவேண்டும் என்று கெஞ்சினார்.

எனக்கு வைத்தியம் தெரியாது, என் தகப்பனார் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்று ஐடா சொன்னாள். அவர் பின்வாங்கினார். அன்னிய ஆண்பிள்ளை என் மனைவியைத் தொடுவதா, அது எங்கள் வழக்கம் அல்ல என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

சிறிது நேரம் சென்றது. மறுபடியும் காலடிச் சத்தம். இப்போது வந்தவர் ஒரு முஸ்லிம். அவர் வீட்டிலும் அதே வேதனை. ஐடா தகப்பனாரைக் கூப்பிட்டாள். அவரும் நேரில் வந்து பேசிப் பார்த்தார். பயன் இல்லை. ஆண் டாக்டர் வேண்டாம் என்று வந்தவர் போய்விட்டார்.

மூன்றாவதாக இன்னொருவர் வந்தார். அவர் ஓர் இந்து. அதே வேண்டுகோள். அதே பதில். அவரும் இருட்டில் நடந்து மறைந்தார்.

ஐடாவுக்குத் தூக்கம் வரவில்லை. விடியற்காலையில் பறைச் சத்தம் கேட்டது. அவள் உடம்பு நடுங்கியது. வேலைக்காரரை அனுப்பி விசாரித்தாள். மூன்று வீடுகளிலும் பெண்கள் இறந்துவிட்டார்கள்.

மூன்று பெண்களும் ஐடாவின் வயதை ஒட்டியவர்கள். டாக்டர் இல்லாமல் அவர்கள் சாகவில்லை. டாக்டர் நூறு அடி தூரத்தில் இருந்தார். பெண் டாக்டர் இல்லை; பழகிய நர்சும் இல்லை. அதுதான் அவர்களைக் கொன்றது.

ஐடா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நெடுநேரம் கழித்து வெளியே வந்து, அமெரிக்காவுக்குப் போய் டாக்டருக்குப் படிக்கப் போவதாகப் பெற்றோரிடம் சொன்னாள்.

பட்டமும் பணமும்

அந்தக் காலத்தில் அமெரிக்காவிலும் பெண்களை எல்லா மருத்துவக் கல்லூரிகளிலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஐடா முதலில் பிலடெல்பியா நகரில் பெண்களுக்கென்று இருந்த கல்லூரியில் படித்தார். பிறகு நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதும் அங்கே மாறினார். 1899-ம் ஆண்டு பட்டம் பெற்றார்.

படித்து முடித்ததும் கப்பல் ஏறும் நேரம் வந்தது. வேலூரில் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்ட நிதி திரட்டி வரும்படி இங்கிருந்து கடிதம் வந்திருந்தது. நாட்களோ குறைவு. வீடு வீடாக ஏறி இறங்கினார். கிடைத்தது சொற்பம்.

ஒரு நாள் ஒரு சங்கத்தின் தலைவி வீட்டுக்குப் போய்த் திண்டிவனத்துக் கதையைச் சொன்னார். அதை அடுத்த அறையில் இருந்த ஒரு முதியவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அந்த அம்மையாரின் மைத்துனர், பாங்கி ஒன்றின் தலைவர், பெயர் ஷெல். மறுநாள் ஐடாவை அழைத்து, இறந்துபோன தம் மனைவியின் நினைவாக 10 ஆயிரம் டாலர் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது பெரும் தொகை!

1900-ம் ஆண்டு பிறந்தபோது ஐடா இந்தியாவில் இருந்தார். தகப்பனாரிடம் சில வருஷம் வேலை பழகலாம் என்பது அவர் திட்டம். அது நடக்கவில்லை. அந்த ஆண்டு மே மாதத்தில் தகப்பனார் காலமாகிவிட்டார். 29 வயதுப் பெண் தனி டாக்டராக நின்றார்.

வேலூரில் தங்கியிருந்த வீட்டில் ஒரு சின்ன அறை. அதுதான் ஆஸ்பத்திரி. ஒரே ஒரு படுக்கை. முதலில் ஜனங்கள் வரத் தயங்கினார்கள். பிறகு ஒருவர் இருவராக வந்தார்கள். பிறகு வாசலில் கூட்டம் நிற்க இடம் இல்லை. இரண்டே வருஷங்களில் 5 ஆயிரம் பேருக்கு வைத்தியம் பார்த்தார்.

1902-ம் ஆண்டு ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 40 படுக்கைகள்.

யார் நர்சு?

இங்கேதான் உத்தனப்பள்ளி அம்மாளின் கேள்விக்குப் பதில் தொடங்குகிறது.

40 படுக்கைக்கு ஒரே டாக்டர். ஆபரேஷனுக்குக் கத்தி எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். கொதிக்கவைத்த துணியை எடுத்துத் தர ஆள் வேண்டும். ராத்திரியில் காய்ச்சல் ஏறுகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். வீட்டு வேலைக்கு இருந்த பெண்ணையே பக்கத்தில் நிறுத்திப் பழக்கிக்கொண்டு ஐடா சமாளித்தார்.

நர்சு வேலைக்குப் பெண்ணை அனுப்ப அப்போது பெரும்பாலான குடும்பங்கள் சம்மதிக்கவில்லை. அடுத்தவர் ரத்தத்தைத் துடைப்பதா, வேறு சாதிக்காரரைத் தொடுவதா, இரவில் வீட்டை விட்டு வெளியே தங்குவதா என்று பயந்தார்கள். அடுத்த தலைமுறைவரைகூட அந்தப் பயம் போகவில்லை. கல்யாணத் தரகர்கள் நர்சு என்றால் முகத்தைச் சுளித்த காலத்தை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கலாம்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. நர்சு என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்! தடுக்கச் சட்டம் இல்லை. மூன்று வருஷம் வார்டில் இரவும் பகலும் நின்று படித்தவளும் நர்சு. நான்கு நாள் ஆயாவாக இருந்துவிட்டு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டவளும் நர்சு. நோயாளிக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? மருந்தின் அளவு தவறிய பிறகுதான் தெரியும்.

ஐடா சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. 1909-ம் ஆண்டு வேலூரில் நர்சுகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். டெலியா ஹாட்டன் என்ற அமெரிக்க நர்சு அதை நடத்தினார். பாடம் உண்டு, பரீட்சை உண்டு, வார்டில் வேலையும் உண்டு. முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள். தென்னிந்தியாவில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரிகள், ஒவ்வொன்றும் தனித்தனியே சர்ட்டிபிகேட்டு கொடுத்தால் அதற்கு மதிப்பு இருக்காது என்று உணர்ந்து, பொதுவாகப் பரீட்சை நடத்தும் வழக்கத்தையும் கொண்டுவந்தன.

நைட்டிங்கேல் வேண்டாம் என்றார்

நர்சுகளின் பெயரைச் சர்க்கார் பதிவு செய்யவேண்டுமா என்பதில் வெளிநாட்டிலும் பெரிய சண்டை நடந்தது. இதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். விளக்கேந்திய மங்கை என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அந்தப் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரே பதிவு வேண்டாம் என்றார்!

அவர் சொன்ன காரணமும் லேசானது அல்ல. பரீட்சை வைத்து ஒரு பெண்ணின் படிப்பை அளக்கலாம். நோயாளியிடம் அவளுக்கு இருக்கும் பரிவை எப்படி அளப்பது, பெயரைப் புத்தகத்தில் எழுதிவிட்டால் நல்லவளும் அல்லாதவளும் ஒன்றாகிவிட மாட்டார்களா என்று அவர் கருதினார்.

ஆனாலும் காலம் வேறு திசையில் போயிற்று. உலகத்திலேயே முதல் முதலாக நியூசிலாந்து நாடு 1901-ம் ஆண்டு நர்சுகளைப் பதிவு செய்யத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் பல வருஷ வாக்குவாதத்துக்குப் பிறகு 1919-ம் ஆண்டு சட்டம் நிறைவேறியது. நம் சென்னை மாகாணத்தில் 1926-ம் ஆண்டு நர்சுகள், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தின் கீழ் சென்னையில் ஒரு கவுன்சில் ஏற்பட்டது. அங்கீகாரம் பெற்ற இடத்தில் படித்துத் தேறியவரின் பெயர் கவுன்சிலின் பதிவேட்டில் ஏறும். தவறு செய்தால் விசாரணை நடத்தி அந்தப் பெயரை அடிக்கவும் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு.

பெயரை ஏற்றுவதைவிட இந்த அடிக்கும் அதிகாரம்தான் முக்கியம் என்பது என் எண்ணம். கர்நாடகத்துப் பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சென்னையில் இருப்பவர்கள் அடிக்க முடியாது. ஓசூரில் ஒரு நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தால், அவர் எங்கே போய் முறையிடுவது? கன்னட நாட்டுக்கா? நோயாளி இருக்கும் மாநிலத்தின் பதிவேட்டில் நர்சின் பெயர் இருக்கவேண்டும் என்று கேட்பது அதனால்தான். பஸ் நிறுத்தத்தில் அந்த அம்மாளிடம் இதைச் சொன்னபோது அவர் பாதி ஒப்புக்கொண்டார். அலைச்சலும் செலவும் எங்களுக்குத்தானே என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பெண் டாக்டர்கள் வேண்டும்

வேலூர் கதைக்கு வருவோம். நர்சுகள் வந்தார்கள். டாக்டர் மட்டும் போதவில்லை. ஐடாவிடம் ஒரு பிரெஞ்சு மோட்டார் வண்டி வந்தது. அதில் ஏறிக் குடியாத்தம் வரை போவார். வழியில் மரத்தடியில் நோயாளிகள் காத்திருப்பார்கள். முதலில் மோட்டாரைக் கண்டு பேய் வருகிறது என்று ஓடிய ஜனங்கள், பிறகு அதே மோட்டாருக்காகக் காலையிலிருந்தே சாலையில் காத்துக் கிடந்தார்கள். ஒரு பெண்மணி எத்தனை மரத்தடியில் நிற்க முடியும்?

பெண்களை டாக்டர்களாக்க ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று ஐடா தீர்மானித்தார். மாகாண வைத்திய இலாகாவின் தலைவரான கர்னல் பிரைசனிடம் போய் அனுமதி கேட்டார். அவருக்குச் சிரிப்பு வந்தது. படிக்கப் பெண்கள் வருவார்களா, கைவிரல்களில் எண்ணும் அளவுக்காவது கிடைத்தால் தொடங்குங்கள் என்பதுபோலப் பேசி அனுமதி கொடுத்தார். ஆனால் இருந்த இடங்களுக்கு மேலே பல மடங்கு மனுக்கள் வந்தன!

1918-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி கவர்னர் பெண்ட்லண்டு பிரபு பள்ளியைத் திறந்துவைத்தார். சொந்தக் கட்டடம் இல்லை. உடற்கூறு பாடத்தை ஐடாவே நடத்தினார். காலையில் பாடம், பிறகு ஆபரேஷன், மாலையில் மறுபடி நோயாளிகள்.

அந்தப் பள்ளியில் கொடுத்தது எல்.எம்.பி. என்ற சர்க்கார் சான்று. பழைய ஊர்களில் டாக்டர் வீட்டுப் பலகையில் அந்த மூன்று எழுத்தைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். பட்டத்துக்கு ஒரு படி குறைவு. ஆனால் அது இருந்தால் தொழில் நடத்தலாம். சர்க்கார் பரீட்சையில் ஆண்களோடு சேர்ந்து உட்கார்ந்து எழுதித் தேறவேண்டும். முதல் வகுப்பிலிருந்து 14 பெண்கள் 1922-ம் ஆண்டு தேறி வெளியே வந்தார்கள்.

திண்டிவனத்து இரவுக்குப் பிறகு ஏறக்குறைய 30 வருஷம் ஆகியிருந்தது.

68 வயதில் இடி

ஐடாவுக்கு 68 வயது நெருங்கியது. வேலூருக்கு வெளியே மலையடிவாரத்தில் விசாலமான இடத்தில் பள்ளி நடந்தது. ஊருக்குள் பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. இனிமேல் ஓய்வு பெறலாம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அப்போது விழுந்தது இடி! எல்.எம்.பி. படிப்பை நிறுத்திவிடச் சென்னை மாகாண சர்க்கார் முடிவு செய்தது. இனிமேல் சர்வகலாசாலையின் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றால்தான் டாக்டர். 1938-ம் ஆண்டு வேலூர்ப் பள்ளி இந்த நெருக்கடியில் மாட்டிக்கொண்டது. புதிய மாணவிகளைச் சேர்க்க முடியாது. பழைய மாணவிகள் முடித்துவிட்டுப் போனால் பள்ளியை மூடவேண்டியதுதான்.

சர்க்காரைக் குறை சொல்லவும் முடியாது. பட்டணத்து நோயாளிக்கு முழு டாக்டர், பட்டிக்காட்டு நோயாளிக்கு அரை டாக்டர் என்று இரண்டு தரம் எதற்கு என்று அவர்கள் கேட்டார்கள். அதிலும் நியாயம் இருந்தது. ஐடாவுக்கும் அது தெரியும். ஆனால் பட்டப் படிப்பு நடத்த வேண்டுமானால் உயர்ந்த பட்டம் பெற்ற பேராசிரியர்கள் பலர் வேண்டும். ஆஸ்பத்திரியில் படுக்கைகள் பெருகவேண்டும். பரிசோதனைச் சாலைகள் வேண்டும். கையில் பணம் இல்லை. ஐரோப்பாவில் யுத்தம் மூண்டுவிட்டது.

வேறொருவராக இருந்தால், என் கடமை முடிந்தது என்று சொல்லியிருப்பார். 40 வருஷம் உழைத்தவர் அப்படிச் சொன்னால் யார் குறை கூறுவார்கள்? ஐடா 1941-ம் ஆண்டு அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். 70 வயதுக்கு மேல் ஊர் ஊராகப் பிரயாணம் செய்தார். ரயிலில் இரவு, மேடையில் பகல். பழையபடி வீடு வீடாகப் படி ஏறினார்.

அங்கே இன்னொரு தகராறு காத்திருந்தது. பள்ளியைக் கல்லூரியாக உயர்த்தப் பல மிஷன்கள் சேர்ந்து உதவ முன்வந்தன. ஆனால் ஆண்களையும் மாணவர்களாகச் சேர்க்கவேண்டும் என்று அவை விரும்பின. பெண்களுக்காகவே இத்தனை வருஷம் பணம் கொடுத்த அமெரிக்கப் பெண்மணிகள் சிலர் இதைக் கேட்டுக் கொதித்தார்கள். இது நம்பிக்கை மோசம் என்றார்கள். நெருங்கிய சிநேகிதிகளே விலகினார்கள்.

ஐடாவுக்கு இது ஆபரேஷனைவிடக் கடினமாக இருந்திருக்கும். பெண்களுக்கென்று தொடங்கிய பள்ளி. அதைப் பெண்களுக்கு மட்டுமே என்று வைத்துக்கொண்டால் மூடிவிட நேரும். ஆண்களைச் சேர்த்தால் பெண்களுக்கும் பட்டம் கிடைக்கும். அவர் ஆண்களையும் சேர்க்கச் சம்மதித்தார்.

1942-ம் ஆண்டு சென்னை சர்வகலாசாலை வேலூர்க் கல்லூரியைச் சேர்த்துக்கொண்டது. எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. குஷ்டரோக நிபுணரான டாக்டர் காக்ரேன் கல்லூரியின் பொறுப்பை ஏற்று, தேவையான பேராசிரியர்களைத் தேடிக் கொண்டுவந்தார். 1947-ம் ஆண்டு முதல் முதலாக 10 ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள். கல்லூரியின் முதல் இந்தியத் தலைவராக வந்தவர் ஒரு பெண் டாக்டர், ஹில்டா லாசரஸ் அம்மையார்.

நர்சுக்கும் பட்டம்

டாக்டர்களுக்கு வந்த சட்டம் நர்சுகளுக்கும் ஒரு கதவைத் திறந்தது. டாக்டருக்குப் பட்டம் வேண்டுமென்றால், நோயாளியின் பக்கத்தில் 24 மணி நேரமும் நிற்கிறவளுக்கு ஏன் வேண்டாம்?

1946-ம் ஆண்டு வேலூர் நர்சுப் பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. நர்சுப் படிப்புக்கு பி.எஸ்சி. பட்டம். சென்னை சர்வகலாசாலையின் பட்டம். அதே ஆண்டில் டெல்லியிலும் இப்படி ஒரு கல்லூரி தொடங்கியது. இந்தியாவில் நர்சுப் பட்டப் படிப்பு இந்த இரண்டு இடங்களில்தான் முதலில் வந்தது. உத்தனப்பள்ளிப் பெண் பெங்களூரில் படித்த படிப்புக்கு இதுதான் வேர்.

மறு ஆண்டு, 1947 டிசம்பரில், இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் நிறைவேறியது. அதுவரை ஒரு மாகாணத்து நர்சை இன்னொரு மாகாணத்தில் ஏற்பதில் குழப்பம் இருந்தது. ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒவ்வொரு பாடம்; ஒவ்வொரு பரீட்சை. நாடு முழுவதற்கும் படிப்பின் தரம் ஒன்றாக இருக்கவேண்டும் என்று அந்தச் சட்டம் வழி செய்தது. ஆனால் பதிவேடு வைக்கும் வேலை மாநிலங்களிடமே இருந்தது.

அதனால்தான் பெங்களூரில் படித்த பெண் ஓசூரில் மறுபடி பரீட்சை எழுத வேண்டியதில்லை. படிப்பைத் தமிழ்நாடு ஏற்றுக்கொள்ளும். பெயரை மட்டும் இங்கேயும் ஏற்றவேண்டும். 2023-ம் ஆண்டு நாடாளுமன்றம் 1947 சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு இருக்கவேண்டும் என்ற ஏற்பாடு அதில் இருக்கிறது. அது நடைமுறையில் முழுதாக வந்து சேர்ந்தால், பஸ் நிறுத்தத்து அம்மாள்களின் அலைச்சல் குறையலாம்.

மலை மேல் வீடு

நர்சுக் கல்லூரி தொடங்கிய அதே 1946-ம் ஆண்டில் ஐடா அம்மையார் பொறுப்பிலிருந்து விலகினார். கொடைக்கானலில் மலை மேல் அவருக்கு ஒரு வீடு இருந்தது. அங்கே போய்த் தங்கினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அமெரிக்காவில் வசதியாக வாழவேண்டும் என்று ஆசைப்பட்ட பெண், இந்த நாட்டிலேயே கிழவியானார்.

சும்மா இருக்கும் சுபாவம் அவருக்கு இல்லை. தோட்டம் போட்டார். ரோஜாச் செடி வளர்த்தார். 80 வயதை நெருங்கியும் டென்னிஸ் ஆடினார். பல் போன கிழவிதானே என்று எதிரில் வந்து நின்ற இளைஞர்கள் பந்தைத் தேடி ஓடினார்கள். விசேஷ நாட்களில் வேலூருக்கு வந்து வார்டுகளைச் சுற்றிப் பார்ப்பார். ஒரு படுக்கையில் தொடங்கிய இடத்தில் நூற்றுக்கணக்கான படுக்கைகள் இருந்தன.

ஒரு முறை வெளிநாட்டிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவருக்கு விலாசம் தெரியாது. டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் உறையில் எழுதிப் போட்டிருந்தார். ஊர் இல்லை, தெரு இல்லை. தபால்காரர்கள் அதைச் சரியாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

1960-ம் ஆண்டு மே மாதம் கொடைக்கானல் வீட்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் காலமானார். அப்போது அவருக்கு வயது 89.